கை வைக்காதீங்க

மார்ச் 4, புதன்

வேக்குவம் கிளீனர் இன்றும் வீடு அதிரக் கத்தியது. ஒரு துளித் தூசியை இழுக்கவில்லை. பை போன வாரம்தான் மாற்றியது. மனைவி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். தூசி பட்டால் அவளுக்கு இளைப்பு வரும். எனக்கு மனசு கேட்கவில்லை.

திறந்து பார்க்கலாமே என்று குனிந்தேன். "நீங்க கை வைக்காதீங்க!"

நியாயம்தான். நான் கை வைத்த இஸ்திரிப்பெட்டி, சுவர்க் கடிகாரம், மிக்ஸி மூன்றும் மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கள் வீட்டில் 'அவர் கை வச்சிட்டாரு' என்றால் அந்தப் பொருளைத் தலைமுழுகிவிடலாம் என்று பொருள்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். மைத்துனன் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டான்: "மோட்டார் போயிடுச்சுக்கா. தூக்கிப் போடு. ஞாயித்துக்கிழமை புதுசு வாங்கிட்டு வரேன்." போன மாதம் தன் காரைச் சுத்தம் செய்ய இதை இரவல் வாங்கிப் போனவனும் அவன்தான்.

மோட்டார் போயிருந்தால் இப்படிக் கத்துமா?

மார்ச் 5, வியாழன்

அவள் வேலைக்குக் கிளம்பியதும் கை வைத்துவிட்டேன்.

குழாயைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டி, அதன் வாயில் உள்ளங்கையை வைத்தேன். ஜிவ்வென்று இழுத்துப் பிடித்தது. மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை! அப்படியானால் அடைப்பு குழாயில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயைத் தூக்கிப் பிடித்து உள்ளே ஒரு கோலிக்குண்டைப் போட்டேன். போனது போனதுதான், வெளியே வரவில்லை. துடைப்பக் கட்டையின் மழுங்கிய முனையால், குழாய் கிழியாமல் மெல்லத் தள்ளினேன். வந்தது — முடியும் பஞ்சும் திரண்ட ஓர் உருண்டை, கூடவே கோலி. உருண்டைக்கு நடுவில், நாலாக மடங்கி, எலுமிச்சை வாசனையோடு ஓர் அட்டை. மைத்துனன் காரில் கண்ணாடிக்கு முன்னால் தொங்குமே, அதே அட்டை! சிரித்த சிரிப்பில் எனக்கே மூச்சு வாங்கியது.

பிரஷ்ஷில் சுற்றியிருந்த முடியையும் நூலையும் கத்தரித்து எடுத்தேன். வடிகட்டியை அலசிக் காயவைத்தேன்.

மாலை வந்தவள், கூடத்தில் பாகம் பாகமாகக் கிடந்ததைப் பார்த்து, "கை வச்சிட்டீங்களா..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட்டையைக் காட்டினேன்.

"அது சரி. முதல்ல ஓடட்டும்."

மார்ச் 6, வெள்ளி

வடிகட்டி இன்னும் ஈரம். மாட்டிவிட்டால்தான் என்ன? — மிக்ஸி ஞாபகம் வந்தது. ஈரம் காயுமுன் அவசரப்பட்டு ஓட்டித்தானே அதைத் தீர்த்துக்கட்டினேன். கை வைக்கவில்லை.

மார்ச் 7, சனி

லேசாக ஈரம். கை வைக்கவில்லை. என்ன மனுஷன் நான்!

மார்ச் 8, ஞாயிறு

காய்ந்தது. மாட்டினேன். அவளையே ஓட்டச் சொன்னேன். ஒரே இழுப்பு, கம்பளமே கூட எழுந்து வந்தது. கட்டிலடி, சோபா இடுக்கு ஒன்றையும் விடவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை அவளுக்கு.

மைத்துனன் கடையிலிருந்து கூப்பிட்டான். போனை எடுத்த அவள் சொன்னாள்: "புதுசு வேணாம்டா. அத்தான் கை வச்சிட்டாரு."

"ஐயையோ!" என்று அவன் அலறியது எனக்கே கேட்டது.

"கத்தாதடா, ஓடுது. உன் கார் அட்டை இங்கதான் இருக்கு, வந்து வாங்கிட்டுப் போ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

மார்ச் 19, வியாழன்

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். காலையில் காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இதுல கொஞ்சம் கை வைங்களேன்."

ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.