அங்கே எப்போதும் செவ்வாய்க்கிழமை

இன்று காலை ஸ்டோர் நாயர் ஒரு டேப்பைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வட்டமான பிளாஸ்டிக் டப்பா, மேலே தூசி, தூசிக்கு அடியில் உன் கையெழுத்து. கம்ப்யூட்டர் ஹாலில் எல்லா டேப்புக்கும் இங்கிலீஷில் பெயர் இருக்க, இதற்கு மட்டும் நீ தமிழில் எழுதி ஒட்டியிருந்தாய்: "காலை. தொடாதே." நாயருக்குத் தமிழ் வாசிக்க வராது. "இதுக்கு ரிங் இல்லியல்லோ மேடம்" என்றார். புது டேப் வாங்க அனுமதி இல்லையாம். பழையதை அழித்துச் சம்பளக் கணக்குக்கு எடுக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவாம். இது வேண்டுமா வேண்டாமா என்று மத்தியானத்துக்குள் நான் சொல்ல வேண்டும்.

அவர் போனதும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். வற்றல் மிளகாய் நெடி துளியாவது மிச்சம் இருக்கும் என்று ஒரு நப்பாசை. வெறும் பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. நீ போனபின் வருகிற இரண்டாவது ஓணம் இது. இன்னும் எங்கேயடி நெடி நிற்கும்?

ஆரியசாலையில் உன் அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில் உங்கள் வீடு. வற்றலும் மல்லியும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கும் இடம். நீ எந்த சோப்புப் போட்டுக் குளித்து வந்தாலும் அந்தக் காரம் புடவையோடு கூடவே வரும். ஏ.சி. ஹாலுக்குள் நீ நுழைந்ததுமே ஆபரேட்டர் தும்ம ஆரம்பித்துவிடுவார். மெஷினுக்கும் ஜலதோஷம் பிடிக்கப் போகிறது என்று நான் கேலி செய்வேன். நானோ கரமனை அக்கிரகாரத்திலிருந்து தயிர்சாதத்தோடு வருகிறவள். உன் மிளகாய்ப்பொடி இட்லி எனக்கு, என் தயிர்சாதம் உனக்கு என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே ஏற்பாடு ஆகிவிட்டது. என் அம்மாவுக்கு இது கடைசிவரை தெரியாது.

நம் அலுவலகம் சொந்தமாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்த காலம் அது. அதன் கெர்னலை எழுதுவது உன் பொறுப்பு. மெஷினுக்குள் நடக்கிற வேலைகளை வரிசைப்படுத்தி, ஒன்றைத் தூங்கவைத்து இன்னொன்றை எழுப்பி, எல்லாவற்றையும் மேய்க்கிற புரோகிராம் அது. ஆனால் மெஷினே இன்னும் பலகையும் கம்பியுமாக எலெக்ட்ரானிக்ஸ் அறையில் கிடந்தது. அதனால் ஹாலில் இருந்த பெரிய கம்ப்யூட்டருக்குள், அந்தச் சின்ன மெஷின் போலவே நடந்துகொள்கிற ஒரு புரோகிராமை நான் எழுதினேன். கையால் தொட முடியாத மெஷின். உன் கெர்னல் அதற்குள் ஓடும்; தான் நிஜ மெஷினில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். கள்ள நோட்டு மாதிரி இது கள்ள மெஷின் என்றாய் நீ. பிறகு திட்டத் தலைவர் வரைக்கும் எல்லாருக்கும் அது கள்ள மெஷின்தான்.

கள்ள மெஷினில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எந்த இடத்தில் வேண்டுமானாலும் அதை அப்படியே உறையவைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். உறைந்த நிலையை டேப்பில் எழுதிவைத்தால் மறுபடி அங்கேயே போய் நிற்கலாம். முதலிலிருந்து கிளப்பினால் எல்லாம் எழுந்து தயாராவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எல்லாம் நன்றாக எழுந்து நின்ற நிலையை டேப்பில் பத்திரப்படுத்தினாய். உலை கொதித்து, அரிசி போடத் தயாராக இருக்கிற அடுப்பு மாதிரி. அதற்குப் பிறகு தினமும் அங்கிருந்துதான் ஆரம்பித்தோம்.

டேப்பின் முதுகில் ஒரு பள்ளம் உண்டு. அதில் ரிங் என்கிற மஞ்சள் பிளாஸ்டிக் வளையத்தைச் செருகினால்தான் அதன்மேல் எழுத முடியும். எடுத்துவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். "காலை" டேப்பின் வளையத்தை நீ கழற்றி வலது கையில் மாட்டிக்கொண்டாய். வளையலைவிடச் சற்றுப் பெரிது, முழங்கை வரை ஏறி ஏறி இறங்கும். ஏண்டி இந்தக் கோலம் என்று கேட்டால், "இது எங் கையில கிடக்கிற வரைக்கும் டேப்பு பத்திரம், கேட்டியா" என்பாய். வேறு எந்த வளையமும் அதில் பொருந்தும் என்பது உனக்குத் தெரியாதா என்ன? டிராயர் நிறைய வளையம் கிடந்தது. ஆனாலும் நீ அதைக் கழற்றவில்லை.

உனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நம் இருவருக்குமே தற்காலிக நியமனம். என் வீட்டில் அது பெரிய விஷயமில்லை. உன் அப்பா, கடைத்தெருவே அண்ணாச்சி என்று கூப்பிடும் அந்த மனிதர், நல்லவர்தான். ஆனால் கோவில்பட்டியில் அவருடைய அக்கா மகன் காத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் உன்னோடு கடைக்கு வந்தபோது எனக்கு நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, என் முன்னாலேயே சொன்னார். "வேலை ஸ்திரமாச்சுன்னா இங்கனயே இருக்கட்டும்மா, நான் குறுக்க நிக்கல. ஆகலேன்னா தை மாசம் கோவில்பட்டி. அக்காளுக்கு வாக்குக் குடுத்தாச்சு." நீ தலையைக் குனிந்து வளையத்தை உருட்டிக்கொண்டிருந்தாய்.

நிஜ மெஷின் தயாரானது. முதல்முறை கிளப்புவதற்கு முன்னால் மொத்தக் குழுவும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். உன் கெர்னலை ஏற்றியதும் ஓடியது. நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையம் அழுந்தி எனக்கு வலித்தது. ஆனால் வார இறுதியில் ஓடவிட்டுப் போய்த் திங்கட்கிழமை வந்து பார்த்தால், மெஷின் செத்துக் கிடந்தது. செத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. திரையில் மணி ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் எரிந்தன, ஆனால் தூங்கப்போன வேலைகள் ஒன்றும் திரும்ப எழவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. டில்லியிலிருந்து குழு வந்து பார்த்துவிட்டுத்தான் யார் யாருக்கு நிரந்தரம் என்று முடிவாகும். அந்தக் குழு வருவதற்குள் இது சரியாக வேண்டும். இல்லையென்றால் உனக்குக் கோவில்பட்டி.

கள்ள மெஷினில் ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். அங்கே ஒருமுறைகூட அது நிற்கவில்லை. ஆகவே தப்பு கெர்னலில் இல்லை, மெஷினுக்குள் நேரத்தை எண்ணுகிற கடிகாரப் பலகையில்தான் என்று பேச்சு கிளம்பியது. அதைச் செய்த மாத்யூ பாவம், பலகையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக வாடிப்போனார். தலைவர் அவரைப் பேசிய பேச்சில் எனக்கே கோபம் வந்தது. எல்லாரும் உன் பக்கம் இருந்தார்கள். உனக்கு மட்டும் திருப்தி இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழவங்காடிக்குக் கிளம்பினோம், நாம் இருவர் மட்டும். பஸ்ஸைவிட்டு இறங்கி, தேங்காய் வாங்கி, உடைக்கிற வரிசையில் நின்றோம். வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம் அதிகம் என்று நான் முணுமுணுத்தேன். திரும்பிப் பார்த்தால் தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எடி, அங்க இன்னிக்கும் செவ்வாய்தானே?"

"எங்கடி?"

"கள்ள மெஷின்ல. தெனமும் அதே செவ்வாய்க்கிழம காலையிலதானே கொண்டுபோய் நிறுத்துறோம். அதுக்கு ஒரு வெள்ளிக்கிழம வந்ததே இல்ல. நாம அத வயசாகவே விடலடி."

தேங்காயை உடைத்தாயா, அப்படியே கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினாயா என்று எனக்கு இப்போது நினைவில்லை. ஹாலுக்குள் ஓடினோம். கடிகாரம் தொடக்கத்திலிருந்து துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும். ஸ்கூட்டர் மீட்டரில் எல்லா ஒன்பதும் வந்தபின் மறுபடி பூஜ்யமாவதுபோல, அந்த எண்ணும் ஒரு கட்டத்தில் நிறைந்து பூஜ்யமாகும். வார இறுதி முழுக்க ஓடினால்தான் அந்தக் கட்டம் வரும். கள்ள மெஷினோ நிஜத்தைவிட மிக மெதுவானது. காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆகவே "காலை" டேப்பை ஏற்றி, எண்ணிக்கையை மட்டும் நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்து ஓடவிட்டோம். எண் நிறைந்தது, பூஜ்யமானது. கள்ள மெஷின் முதல்முறையாக நின்றது. மணி ஓடியது, வேலைகள் எழவில்லை.

அந்த இடத்தில் உறையவைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் அச்சடித்துத் தரையில் விரித்தோம். நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலால் தேடினாய். தூங்குகிற வேலை பெரிய எண் வந்ததும் எழ வேண்டும். கடிகாரமோ பூஜ்யத்துக்குப் போய்விட்டது. இன்னும் நேரமாகவில்லை, இன்னும் நேரமாகவில்லை என்று உன் கெர்னல் அதை எழுப்பாமலே வைத்திருக்கிறது. நீ எழுதிய ஒரே ஒரு வரி. அதைத் தொட்டுக்கொண்டு, "என் வரிதாண்டி" என்றாய். உன் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருந்தன. அந்த முகத்தைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை.

திருத்தினாய். அந்த வார இறுதியில் நிஜ மெஷின் நிற்காமல் ஓடியது. தலைவர் கூட்டம் போட்டு, கடிகாரப் பலகையை மாத்யூ ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார் போலிருக்கிறது என்று ஆரம்பித்தார். நான் உன் புடவையைப் பிடித்து இழுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? பேசாமல் இரு என்று இழுத்தேன். பேசாமல் இருந்திருந்தால் மாத்யூகூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வேலை நிரந்தரம், தலைவரின் ஏச்சும் பழகிவிட்டது. நீ எழுந்தாய். "போர்டு முதல்லயே சரியாத்தான் சார் இருந்துது. தப்பு என் கெர்னல்ல." அவ்வளவுதான் சொன்னாய், உட்கார்ந்துவிட்டாய்.

டில்லிக் குழு வந்தது, மெஷினைப் பாராட்டியது. நிரந்தரம் ஆனவர்களில் நான் இருந்தேன், நீ இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் கேட்கவும் துணிவில்லை. நான் மட்டும் கேட்டேன். கெர்னல் மாதிரி முக்கியமான இடத்துக்கு இன்னும் அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம். அந்தத் தப்பைக் கண்டுபிடித்ததும் அவள்தானே என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மறு வருஷம் பார்க்கலாம் என்றார். தை மாதம் மறு வருஷம் வரைக்கும் காத்திருக்குமா?

கடைசி நாள் வளையத்தைக் கழற்றி என் கையில் மாட்டினாய். உன் கையில் இருந்த சூடு அதில் இருந்தது. "டேப்ப பாத்துக்கோ. யாரும் மேல எழுதிராம" என்றாய். உன் கல்யாணத்துக்குக் கோவில்பட்டி வந்தேன். நகையும் பட்டுமாக நின்ற உன்னிடம் மிளகாய் நெடி இல்லை. பிறகு எப்போதாவது ஒரு கார்டு. மளிகைக் கடையில் உட்கார்ந்து பில் போடுகிறேன், கூட்டல் தப்பாது என்று எழுதியிருந்தாய். அப்புறம் மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபின் அண்ணாச்சிதான் கடைப்பையனைக் கரமனைக்கு அனுப்பினார். நான் ஆரியசாலைக்குப் போனபோது அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "ஸ்திரமாயிருந்தா இங்கன இருந்திருக்கும்லா" என்றார். என்னால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லையடி.

அன்றிலிருந்து நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? அந்தக் கூட்டத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறேன். உன் புடவையை இன்னும் பலமாக இழுக்கிறேன். ஒருநாள் நீ எழாமல் உட்கார்ந்திருக்கிறாய், ஒருநாள் மாத்யூ எழுந்து உனக்காகப் பேசுகிறார். பஸ்ஸில், சமையலறையில், மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் அந்தக் காலையைக் கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் நீ இங்கேயே இருந்துவிடுகிறாய்.

மத்தியானம் நாயர் வந்து நின்றார். டேப்பை எடுத்துப் பார்த்தேன். அதற்குள் இன்னும் செவ்வாய்க்கிழமைதான். உன் கெர்னல் அந்தத் தப்பு வரியோடு, தப்பு இருப்பதே தெரியாமல், எல்லா வேலைகளையும் ஒழுங்காக எழுப்பிக்கொண்டு நிற்கிறது. திங்கட்கிழமை அதற்குத் தெரியாது, தை மாதம் தெரியாது. வைத்துக்கொள்ளலாம் என்றுதான் வாய்வரை வந்தது. பழவங்காடியில் தேங்காயை அணைத்துக்கொண்டு நீ சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. வயசாகவே விடலடி.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ரிங் எங்கே என்று கேட்டார். முந்தானையால் கையை மூடிக்கொண்டு, காணோம், வேறு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளே செருகினார். சடக்கென்று பொருந்தியது. ஹால் கதவு வரை போனவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுதேன், அதை உன்னிடம் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

இதை எழுதுகிற நேரத்துக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையின்மேல் நம் அலுவலகத்தின் சம்பளக் கணக்கு ஏறியிருக்கும். அதில் என் பெயர் இருக்கும், மாத்யூவின் பெயர் இருக்கும். உன் வளையம் என் வலது கையில் இருக்கிறது. எனக்கும் பெரிதுதான், எழுத எழுத முழங்கைக்கு ஏறுகிறது. இறக்கிவிட்டு எழுதுகிறேன்.