பெரிய தெரு இறக்கம்

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பழைய காரைத் தூக்கி நிறுத்தி பிரேக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எனக்கு வேங்கிக்காலில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் இருக்கிறார். வண்டிக்கடியில் படுத்திருந்த மெக்கானிக் என் காலை மட்டும் பார்த்துவிட்டு, "பெரியவரே, கொஞ்சம் ஏறி உக்காந்து பெடலை மிதிங்களேன், பிரேக் குழாய்ல இருக்கற ஏரை எடுக்கணும்" என்றார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், ஒரு கெத்தோடுதான் ஏறி உட்கார்ந்தேன். "மிதிங்க... பிடிங்க" என்றார். பிடித்தேன். பிரேக் ஆயில் வாடை மேலே வந்தது. என் காலடியில் பெடல் மெல்லக் கீழே இறங்கியது. ஏர் எடுக்கும்போது அது இறங்கத்தான் செய்யும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதற்குமேல் மிதித்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலை எடுத்துவிட்டு இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டேன். அந்த மனுஷன் இன்னும் "விடுங்க, விடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உனக்குப் படிக்க வராது. நீ இருந்தபோது இதை எழுதியிருந்தால் என்னிடமே கொண்டுவந்து, "இன்னாடா எழுதிக்கீது, படி" என்றிருப்பாய். அந்தப் பயம் இல்லாததால் எழுதுகிறேன்.

அந்த பிளஷர் காரை நீ மறந்திருக்க மாட்டாய். மில் முதலாளி ஏதோ ஜமீன் வீட்டிலிருந்து வாங்கிவந்த, மேல்மூடி திறந்த கார். மில்லில் எனக்கு டிரைவர் வேலை, உனக்கு மூட்டை தூக்கும் வேலை. எழுபதுகளில் நம் ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் வரவேண்டும். பார்க்க ராஜா வண்டி, பிரேக் மட்டும் தரித்திரம். பெடலிலிருந்து நாலு சக்கரத்துக்கும் கம்பி போகும். நாலு கம்பியும் நாலு விதமாக இழுக்கும். நான் மிதிப்பது இப்போது, அது நிற்பது அப்புறம். முன்னால் பம்பரும் கிடையாது, எப்போதோ கழன்றுபோய்விட்டது. ஒரு ஊர்வலத்தில் தவில்காரரின் குதிகாலில் இடித்து, மனுஷன் தவிலோடு தெருவில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் முதலாளிக்கு உன் ஞாபகம் வந்தது.

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் நீ ஒருவன். உருள்கிற சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துகிறவனுக்கு ஒரு கார் என்ன பெரிசு என்று முதலாளி நினைத்தார். கைப்பிடி வைத்த சின்னக் கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டி நீ நடக்க ஆரம்பித்தாய். ஸ்டியரிங்கிலிருந்து நான் ஆள்காட்டி விரலைத் தூக்கினால் போதும், கட்டை விழும். "சாமி தேருக்குப் போட்ட கை, இந்த டப்பாவுக்கும் போடுது. எல்லாம் என் நேரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போடுவாய். நாலைந்து வருஷம் அப்படி ஓட்டினோம். எத்தனையோ மாப்பிள்ளைகள் மாலையோடு சிரித்துக்கொண்டு போனார்கள். வண்டி நிற்பது என் காலால் இல்லை, உன் கையால் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அப்புறம் உன் பெண்ணுக்குப் போளூரில் மாப்பிள்ளை அமைந்தது. வாத்தியார் குடும்பம். கார் உன் வீட்டுக்கு இனாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றைக்கு நீ மில் வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"டேய் டிரைவரு, அழைப்பு அன்னிக்கு ஒரு நாள் நான் கட்டை தூக்க மாட்டேன்டா. பொண்ணைப் பெத்தவன். பட்டுச் சட்டை போட்டுக்கினு, கைகூப்பிக்கினு, கார் முன்னாடி நடக்கணும். சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு ஓடிக்கினு இருந்தா சம்பந்தி வீட்ல இன்னா நினைப்பாங்க?"

வேறு ஆளைப் போடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"கட்டையே வேணாம்டா. அதுக்குள்ள ஆயில் பிரேக் மாத்திடறேன். தொட்டா நிக்கும் பாரு" என்றேன்.

நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். இதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

வேலூரில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் பாய் ஒருவரிடம் போய், ஒரு வேனிலிருந்து கழற்றிய பிரேக் சாமான் முழுவதையும் வாங்கிவந்தேன். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ஆயில் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ப் பிடிக்கும். அதன் உயிரே உள்ளே இருக்கும் ரப்பரில்தான். பாய் அந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மண்ணெண்ணெய் மட்டும் காட்டாதீங்க. ஊதிப்போயிடும், அப்புறம் ஆயிலைப் பிடிக்காது. பிரேக் ஆயில்லயே கழுவுங்க." தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மில் கொட்டகையில் மூன்று வாரம் வேலை. மூட்டை தூக்கி முடித்த கையோடு நீ வந்து பெடலை மிதிக்க ஏறி உட்காருவாய். நான் அடியில் படுத்துக்கொண்டு "மிதி... பிடி... விடு" என்று கத்த, குழாயில் இருந்த காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். "இதுக்கு மூட்டை தூக்கறதே தேவலாம்டா" என்பாய். கடைசியில் ஒரு நாள் பெடல் கல் மாதிரி நின்றது. நீ இறங்கிப் போய், வண்டிக்கு முன்னால் பத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "வாடா பாக்கலாம்" என்றாய். ஓட்டிவந்து மிதித்தேன். உன் குதிகாலுக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. "நின்னுட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாய்.

பின்சக்கரத்து பிரேக் பிளேட்டை மாற்றியபோது ஹேண்ட் பிரேக் கம்பியைக் கழற்றிப் போட்டிருந்தேன். கல்யாணம் முடிந்து மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அழைப்புக்கு முதல் நாள் பார்த்தால் மாஸ்டர் சிலிண்டரில் லேசாக ஆயில் கசிவு. கழற்றினேன், உள்ளே மண். டின்னில் பிரேக் ஆயில் கம்மியாக இருந்தது. அதைக் கழுவுவதற்கு ஊற்றினால் நிரப்ப எங்கே போவது? எதிரில் மண்ணெண்ணெய்த் தட்டு இருந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாச் சாமானையும் அதில்தான் கழுவியிருக்கிறேன். கை தானாகப் போய் ரப்பரையும் அதிலேயே முக்கிக் கழுவியது. பாய் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஒரு தடவைதானே, துடைத்துவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பேகோபுரத் தெருவிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், அப்புறம் வரிசைத் தட்டுகளோடு பெண்கள், அவர்களுக்குப் பின்னால், காருக்கு நேர் முன்னால், நீ. பட்டுச் சட்டை உனக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. வெறுங்கால். கூப்பிய கை கூப்பியபடி. பின்சீட்டில் மாப்பிள்ளை, என் பக்கத்தில் அவர் அப்பா. ரேடியேட்டர் மேல் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சமதரையில் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது.

பெரிய தெருவுக்குள் திரும்பியதும் மலைப் பக்கத்திலிருந்து தேரடி வரைக்கும் இறக்கம். தேருக்குக் கட்டை ஜாஸ்தி விழுவதும் அங்கேதான். நாதஸ்வரக்காரர் ஒரு வீட்டு வாசலில் நின்றார். மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி போயிற்று. விட்டு மறுபடி மிதித்தேன். பாதி நின்றது, அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது. முதல் கியரில் போட்டேன். அந்தக் கியர் இறக்கத்தில் என்றைக்கு நின்றது? துள்ளி வெளியே வந்துவிட்டது. இடது கை ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் போய், இழுத்தால் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஜனம், திருப்ப இடமில்லை. என் ஆள்காட்டி விரல் தானாக மேலே எழுந்தது. பின்சக்கரத்தின் பக்கத்தில் யாரும் இல்லை. நீ முன்னால், எனக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாய்.

கத்தியிருக்க வேண்டும். கத்தினால் நீ மானம் போய் நிற்பாய் என்று நினைத்தேன். ஆயில் பிரேக் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட என் மானமும் அதில் இருந்தது. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வாய் திறக்குமுன் வண்டி உன் மேல் போய் முட்டியது.

நீ திரும்பவில்லை. ஒரே ஒரு கணம் உன் தோள் விறைத்தது. அடுத்த கணம் இரண்டு குதிகாலையும் ஊன்றி, முதுகை ரேடியேட்டர் மேல் கொடுத்துச் சாய்ந்தாய். வண்டி நின்றது. நாதஸ்வரக்காரர் நிதானமாக வாசித்து முடித்தார். அவர் நடந்தபோது நீயும் ஒவ்வோர் அடியாகக் காலை விட்டுவிட்டு, சாய்ந்தபடியே நடந்தாய். மூட்டை சுமந்த முதுகு ஒரு காரைச் சுமந்துகொண்டு இறங்கியது. கூப்பிய கையை நீ பிரிக்கவே இல்லை. தெரு முழுக்க அப்படித்தான் வந்தோம். உன் முதுகுக்கும் சூடான ரேடியேட்டருக்கும் நடுவில் பூ வெந்த வாசனை என் மூக்கு வரைக்கும் வந்தது. நான் அழுதுகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், வேர்வை என்று நினைத்திருப்பார்கள்.

தெரு ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். சம்பந்தி என் பக்கம் குனிந்தார்.

"இன்னா டிரைவர், பொண்ணோட அப்பா கார் மேலயே சாஞ்சுக்கினு வராரு? இன்னிக்குமா போட்டுட்டு வந்துட்டாரு?"

பீடிகூடப் பிடிக்காதவன் நீ. நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணச் சத்திரத்துப் பின்பக்கம் கிணற்றடியில் உன் சட்டையைக் கழற்றினோம். பட்டு தோலோடு ஒட்டியிருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாரிடமும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாய்:

"வண்டி தொட்டதுமே புரிஞ்சுபோச்சுடா. பிரேக் இருக்கற வண்டி என்னைத் தொடாது. நீ சொன்னா முதலாளி உன்னை நிறுத்திடுவாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க, பிரேக் இல்லாத வண்டியிலயா எங்க புள்ளையை ஏத்தினீங்கனு எழுந்து போயிடுவாங்க. குடிகாரன்னா ரெண்டு நாள் பேசுவாங்க. பேசிட்டுப் போட்டும், விடு."

இரண்டு நாள் இல்லை, நீ சாகிற வரைக்கும் பேசினார்கள். பெண்ணைப் பார்க்கப் போளூருக்குப் போனால் சம்பந்தி வாசலிலேயே மூக்கைச் சுளித்து, "இன்னிக்கு எப்படி, தெளிவா?" என்பாராம். நீ தின்பண்டப் பையை நடையில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாய். கல்யாணம் முடிந்த மறுநாளே நான் புது ரப்பர் போட்டு, ஹேண்ட் பிரேக் கம்பியையும் மாட்டினேன். அதற்கப்புறம் அந்த வண்டி ஒரு நாளும் என்னை ஏமாற்றவில்லை. எண்பதுகளில் முதலாளி காரையும் விற்றார், மில்லையும் மூடினார். என் வேலை போய்விடும் என்ற பயத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. அப்போதும் நான் சொல்லவில்லை. இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பேர் இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் பெண் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, படுக்கையில இருந்தப்ப அப்பாவுக்கு நான்தான் முதுகு தொடைச்சு விடுவேன். வலை மாதிரி ஒரு தழும்பு. குடிச்சுட்டு எந்த அடுப்புல போய் விழுந்தாரோ, கேட்டா சிரிப்பாரு. நல்ல மனுஷன்தான், இல்லைனு சொல்லலை. என் கல்யாணத்தன்னிக்கு ஒரு நாளாவது குடிக்காம இருந்திருக்கலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா" என்றேன். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

நேற்று அந்தப் பெடல் இறங்கியபோது என் காலுக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் என்னால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. நாளை ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையும் வீட்டில் இருப்பார். காலை பஸ்ஸில் போளூர் போகிறேன். பெட்டியடியில் வைத்திருந்த உன் கட்டையைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டேன். நீ இருந்தால் "விடுடா" என்பாய். இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்க மாட்டேன். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று இன்று முழுக்க, யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: "உங்கப்பன் முதுகுல இருந்தது கார் ரேடியேட்டர் சுட்ட தழும்பும்மா. வண்டியை ஓட்டினவன் நான்."