ஒன்றரை பவுண்டு அதிகம்

தாம்பரம்,
17-9-1967

அன்பு மகள் பியூலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். முதலில் நீ பயந்துகொண்டிருந்த விஷயம். பல்லாவரம் மைதானத்தில் போன சனிக்கிழமை நடக்க இருந்த குத்துச்சண்டை நடக்கவில்லை. என் மூக்கு நீ கடைசியாகப் பார்த்த கோணலிலேயே இருக்கிறது. இனிமேலும் சண்டை கிடையாது. பதினாறு வருஷம், ஐம்பத்தெட்டு சண்டை, நாற்பத்தொன்றில் ஜெயம், போதும் என்று கையுறைகளைப் பரணில் போட்டுவிட்டேன். இது எப்படி நடந்தது என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவருகிறாள், ஆனால் அவளுக்கே முழு உண்மை தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

சண்டைக்கு முன் எடை பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். என் பிரிவுக்கு நூற்று முப்பத்தைந்து பவுண்டு, அதற்கு மேல் போனால் மேடை ஏற முடியாது. உன் அம்மா இதைக் கணக்குப் போட்டு, ஒரு மாதமாக என் கோதுமைக் கஞ்சியில் நெய்யை ஊற்றினாள். கேட்டால், கஞ்சி இன்றைக்குக் கொஞ்சம் குழைந்துவிட்டது என்பாள். குழைந்த கஞ்சி மீசையில் ஒட்டி மினுங்குமா? நானும் ஒன்றும் தெரியாதவன்போல் குடித்தேன். ஆனால் பழகிய கால் சும்மா இருக்கவில்லை, தினமும் காலையில் பெருங்களத்தூர் வரை ஓடி அவள் ஊற்றியதையெல்லாம் வியர்வையாக விட்டுவிட்டு வந்தது. சண்டைக்கு முந்தின நாள் பார்த்தால் நூற்று முப்பத்தைந்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறேன்.

எனக்கும் இந்தச் சண்டை வேண்டாம் பியூலா. கோலாரில் போன தடவை ஒரு குத்து வாங்கினேன் அல்லவா, அது வந்ததை நான் பார்க்கவே இல்லை. இடது கண் பக்கவாட்டில் இருட்டாகிவிட்டது. இன்னொரு குத்து அதே இடத்தில் விழுந்தால் அந்தக் கண் போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் தூங்கமாட்டாள். சண்டையை ஏற்பாடு செய்த மைதீன் பிச்சையிடமும் சொல்லவில்லை. சுவரொட்டி ஒட்டிய பிறகு நான் ஒரு சண்டையிலும் பின்வாங்கியதில்லை. சாப்பாட்டுராமன் என்று சொல்லட்டும், எலியேசர் பயந்துவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இரண்டு பவுண்டு வாங்கி, என் கால்சட்டை இடுப்புப் பட்டிக்குள் நானே ஊசி நூல் எடுத்துப் பை தைத்துப் போட்டுக்கொண்டேன். தையல் எவ்வளவு கெட்டி தெரியுமா, தராசில் ஏறியபோது ஒரு குண்டுகூட அசையவில்லை. தையற்கடை வைத்தாலும் பிழைத்துக்கொள்வேன்.

ஒன்றரை பவுண்டு அதிகம் என்றது தராசு. மைதீன் பிச்சை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா எலியேசர், எட கூட கீதே, வூட்ல நெய்யிலயா குளிச்சிகினு கீறே?" என்றார். ஒரு மணி நேரம் கொடுத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி எடையைக் குறைத்துவிட்டு வா என்று அனுப்பினார். நான் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கோலி சோடா குடித்துவிட்டுத் திரும்பினேன். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. எதிராளியின் ஆட்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சண்டை ரத்தானது, நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை. பாவம் மைதீன் பிச்சை, கோபம் ஆறியதும் இனி நடுவராக வா என்று கூப்பிட்டார். நடுவர்களுக்கு ஒரு கண் போதும் என்று நான் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்ததுதான், சரி என்றேன்.

உன் அம்மாவுக்குத் தன் நெய்தான் ஜெயித்தது என்று ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவரில் காரணம் எழுதிப் போட்டிருக்கிறாள், போதகரும் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டார்: கணவரின் எடை கூடியதற்காக ஒரு சகோதரியின் ஸ்தோத்திரக் காணிக்கை. பெயர் சொல்லவில்லை, சபை முழுவதும் திரும்பி என்னைத்தான் பார்த்தது. அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. குண்டு விஷயம் நமக்குள் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குளிர் வருவதற்குள் ஸ்வெட்டர் வாங்கிக்கொள், கடைசி நேரத்துக்கு விடாதே. தேவன் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்பு அப்பா,
எ. எலியேசர்

பியூலா, அம்மா எழுதுகிறேன். மேலே உள்ளதை மடித்து வலது கையால் பொத்திக்கொண்டு, இந்த ஓரத்தில் மட்டும் நாலு வரி எழுது என்கிறார் அப்பா. என்ன எழுதியிருப்பார் என்று தெரியும். அவர் தைத்த பை அன்று ராத்திரியே பிரிந்து, குண்டு இரண்டு துணிப்பெட்டிக்குள் கிடந்தது. இரட்டை நூல் போட்டுத் திரும்பத் தைத்தவள் நான்தான். அவரிடம் சொல்லிவிடாதே. அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது.

அம்மா ஞானஜோதி