மிட்டாய் டப்பாவும் இரண்டாவது பிரேக்கும்

மார்ச் 3, திங்கள்

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே கெட்ட செய்திதான். “சர்க்கரை எல்லையைத் தாண்டிடுச்சு. மூணு மாசம் டைம் தர்றேன். இனிப்பை அடியோட விடுங்க, நடங்க. அப்பவும் இறங்கலைன்னா மாத்திரைதான்” என்றார். கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கண், சிறுநீரகம் என்று ஆரம்பித்து, “கால் மரத்துப் போகும்” என்று முடித்தார்.

காலா! நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் இருப்பவர் பிரேக்கை மறந்தால், என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நான்தான் மிதிக்க வேண்டும். என் பிழைப்பே வலது காலில்தான் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. “தினம் அந்த மாத்திரையை எத்தனை பேருக்கு எடுத்துக் குடுக்கறேன். நம்ம வீட்டுக்கும் ஒரு அட்டை கொண்டுவர வெச்சுடாதீங்க” என்றாள். குரல் லேசாக உடைந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாளையிலிருந்தே விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை.

“நீங்க இனிப்பை விடறதும் நான் கார் ஓட்டறதும் ஒண்ணு.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஸ்டியரிங் பக்கமே வராதவள் அவள். “சரி, ரெண்டும் நடக்கட்டும்” என்றேன். கையை நீட்டினாள். குலுக்கிக்கொண்டோம். ரோஷம் வந்தால் இரண்டு பேருமே இறங்கி வரமாட்டோம்.

மார்ச் 4, செவ்வாய்

சர்க்கரை இல்லாத டீ. இதற்கு டீ என்று பெயர் வைத்தவனை நேரில் பார்க்க வேண்டும்.

கியருக்குப் பின்னால் இருக்கும் குழியில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன். நிறைய ஆரஞ்சு மிட்டாய். படிக்கிறவர் பின்பக்கமாக வண்டியை ஒழுங்காக நிறுத்தினால் உள்ளங்கையில் ஒரு மிட்டாய் வைப்பேன். வங்கி மேலாளராக இருந்தாலும் மிட்டாய்க்குக் கையை நீட்டுவார். கூட இருப்பவனுக்கு ஒன்று வேண்டாமா? நானும் போட்டுக்கொள்வேன். ஒழுங்காக நிறுத்தாவிட்டால் ஆறுதலுக்கு இன்னொன்று. ஆக, வண்டி எப்படி நின்றாலும் எனக்கு மிட்டாய்.

இன்று ஒன்றுகூட எடுக்கவில்லை. டப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. சரி, இரண்டு தடவை திரும்பினேன்.

மார்ச் 6, வியாழன்

தலைவலி. கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது. பல் டாக்டர் ஒருவர் என்னிடம் படிக்கிறார். சிக்னலில் வண்டி அணைந்து போனது. வழக்கமாக நான் சும்மா இருப்பேன். இன்று கிளட்சைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கால் போகும் முன்பே என் கால் பிரேக்குக்குப் போனது.

இறங்கும்போது பணிவாகச் சொன்னார்: “மாஸ்டர், இன்னைக்கு நான் ஓட்டவே இல்ல. முழுக்க நீங்கதான் ஓட்டினீங்க.”

எனக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 9, ஞாயிறு

அவளுக்கு முதல் பாடம். சந்தைக்குப் பின்னால் உள்ள காலி மைதானம். ஸ்டியரிங்கைக் கிணற்றுக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டாள். நான் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். கண்ணாடியைப் பார் என்றேன். எந்தக் கண்ணாடி என்றாள். எல்லாக் கண்ணாடியையும் என்றேன். அப்புறம் வாய் நிற்கவில்லை. விடு, மெதுவா விடு, இவ்வளவு மெதுவா இல்ல, அய்யோ, இடது, உன் இடது!

வண்டியை நடு மைதானத்தில் நிறுத்தினாள். சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டாள். கதவைப் பூப்போல மூடிவிட்டு வீட்டுக்கு நடந்துபோய்விட்டாள்.

சாவி இல்லாத வண்டியில் நான். கூடவே மிட்டாய் டப்பா. என்னத்தைச் சொல்ல... தின்றேன். ஒன்றல்ல. முதல் மிட்டாய் தித்தித்தது, அதற்கு மேல் எதுவுமே தெரியவில்லை. சே, என்ன மனுஷன்டா நீ! சத்தியம் செய்து ஒரு வாரம் ஆகவில்லை!

மார்ச் 10, திங்கள்

காலையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“தெரியும்” என்றாள். “சட்டையைத் துவைக்கப் போட்டப்ப பையெல்லாம் மிட்டாய்க் காகிதம்.”

திட்டுவாள் என்று பார்த்தால், டப்பாவை எடுத்து மிட்டாயை எல்லாம் கொட்டினாள். கழுவித் துடைத்து, வறுத்த கடலையை நிரப்பினாள். “உங்களுக்கு வேண்டியது இனிப்பு இல்ல. வாய்க்கு ஒரு வேலை. இத்தனை வருஷமா மிட்டாய்தான் உங்க வாயை மூடி வெச்சிருக்கு. அது போனதும் எல்லாரும் மாட்டிக்கிட்டோம்.”

கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் அது நிஜம். “நேத்து வண்டியை விட்டுட்டுப் போனியே, ஒப்பந்தம் என்ன ஆச்சு?” என்றேன்.

“வண்டியை விட்டுட்டுத்தான் போனேன். ஓட்டறதை விடலை.”

மார்ச் 15, சனி

வாயில் கடலை. பேச்சு இல்லை. அவள் மைதானத்தை முழுதாக ஒரு சுற்று வந்தாள். இறங்கி வண்டியைத் தட்டிக் கொடுத்தாள்.

மார்ச் 24, திங்கள்

இனிப்பை விட்ட நாக்குக்கு வெங்காயம்கூட இனிக்கிறது! யாரிடம் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 2, புதன்

பல் டாக்டர் ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டார். நன்றி சொல்லப் பெரிய கேக்கோடு வந்து நின்றார். “பல் டாக்டரே இப்படிச் செஞ்சா ஊர் என்னத்துக்கு ஆகும்?” என்றேன். “எனக்கும் பிழைப்பு நடக்கணுமே மாஸ்டர்” என்றார். கேக்கின் மேல் கிரீமில் குட்டி கார். வாங்கி உள்ளே வைத்ததும் வாசனை வண்டியை நிறைத்தது. அதை அப்படியே டயர் கடையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? வாசனை கூடவே வந்ததே.

ஏப்ரல் 19, சனி

பின்பக்கமாக, இரண்டு தகர டிரம்களுக்கு நடுவில் கச்சிதமாக நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. கண் கண்ணாடியிலேயே இருக்க, இடது கை மட்டும் என் பக்கம் நீண்டது. கடலை வைத்தேன். இப்போதெல்லாம் இது அவளுக்கு அனிச்சையாகிவிட்டது. வண்டி நின்றால் கை நீள்கிறது.

மே 5, திங்கள்

பாலத்து ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் லாரி. அதன் ஹாரன் என் முதுகுத்தண்டில் ஏறியது. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. என் கால் பிரேக்கின் மேல். மிதித்துவிடலாம், ஒரு நொடி வேலை. மிதித்தால் அவள் இனி ஏற்றத்தில் ஏறவே மாட்டாள். மிதிக்காவிட்டால்... பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் கைப்பிரேக்கை இழுத்தாள், மூச்சு விட்டாள், கிளம்பினாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும், “நீங்க மிதிச்சீங்களா?” என்றாள்.

“இல்ல.”

“நிஜமா?”

“உன் மேல சத்தியமா.”

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடலையில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். கடலையில் உப்புகூடக் கிடையாது.

மே 30, வெள்ளி

அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. நான் வேலிக்கு இந்தப் பக்கம். தேர்வு அதிகாரி சிரித்து யாரும் பார்த்ததில்லை. தூரத்தில் வண்டி வளைந்தது, பின்னால் போனது, நின்றது. அப்புறம் நகரவே இல்லை. தோற்றுவிட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஒழுங்காக நிறுத்தியிருக்கிறாள். உடனே பழக்க தோஷத்தில், கண்ணாடியைப் பார்த்தபடியே, அதிகாரியிடம் உள்ளங்கையை நீட்டிவிட்டாள்! அதிகாரிகள் கை நீட்டும் அந்த அலுவலகத்தில், அதிகாரியிடமே கை நீட்டிய முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும். மனுஷன் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கடைசியில் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

“இந்த வேலைக்கு வந்து இன்னைக்குத்தாம்மா ஒருத்தர் எனக்குக் கை குடுக்கறாங்க” என்றாராம். சிரித்தாராம்!

தேறிவிட்டாள். வீடு வரும்வரை சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி.

ஜூன் 4, புதன்

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் தன் பங்கை முடித்துவிட்டாள். என் பங்கு? தூக்கம் வரும் என்று தோன்றவில்லை.

ஜூன் 5, வியாழன்

முடிவு வாங்க அவள்தான் ஓட்டினாள். முன்சீட்டுக் கதவைத் திறக்கப் போனவனிடம், “அங்க பிரேக் இருக்கு. பின்னால உக்காருங்க” என்றாள். என் சொந்த வண்டியின் பின்சீட்டில் இன்றுதான் முதல் முறையாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால் வெறும் தரையை மிதித்தது. அவளுக்குத் தெரியவா போகிறது? தெரிந்தது. “மிதிச்சது போதும்” என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள்.

டாக்டரம்மா தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. “இறங்கிடுச்சு. மாத்திரை வேண்டாம். இப்படியே போங்க” என்றார். பக்கத்தில் அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் அப்போதுதான் தளர்ந்தன.

வண்டிக்கு வந்தோம். அவள் சாவியைத் திருகினாள். இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே நான் கையை நீட்டினேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் டப்பாவைத் திறந்து, என் உள்ளங்கையில் ஒரு கடலை வைத்தாள். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் வைத்தாள்.