கடல் பக்கத்து ஜன்னல்

அக்கா,

டூட்டி முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. முட்டையும் ரொட்டியும் மூடி வைத்திருக்கிறேன், டீ ஃப்ளாஸ்க்கில். குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். நீ கிளம்புவதாக இருந்தால் சாவியை மாடி வீட்டு ஆன்ட்டியிடம் கொடு.

ஆமாம், நேற்று அவ்வளவு சண்டை போட்டும் உன் பஸ் டிக்கெட்டை நான் கேன்சல் செய்யவில்லை.

நேற்று நீ சொன்னது உண்மைதான். போன கோடையில் மூன்று மணி நேரம் பஸ் கடலை ஒட்டியே போனது. நான் ஏதோ ஒரு நாவலின் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு தலையைத் தூக்கவே இல்லை. கலங்கரை விளக்கத்தில் நீ தனியாக ஏறி, தனியாக இறங்கினாய். "புக்கு படிக்க எதுக்குடி கடல்? மொட்டைமாடி போதாதா?" என்று நீ கேட்டதும் சுருக்கென்றது. அதனால்தான் அப்படிக் கத்தினேன். தப்புதான்.

பஸ் ஒன்பதுக்கு. டிக்கெட்டில் சீட் நம்பர் இல்லை; கடல் பக்கத்து ஜன்னலைப் பிடித்து வைக்க முன்னாலேயே போகிறேன். ஜன்னல் உனக்குத்தான்.

உன் டிக்கெட், தலையணைமேல் நான் பாதி படித்த நாவலுக்குள் இருக்கிறது. டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வா. நாவல் அங்கேயே கிடக்கட்டும்.

– குட்டி

பி.கு: ராத்திரி முழுக்க வார்டில் நின்றிருப்பாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கு. கலங்கரை விளக்கம் வந்ததும் எழுப்புகிறேன். இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டே வருவேன்.