தொப்பியில் திராட்சைக் குலை

பாரிஸ்,
நவம்பர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் குளிரில் கடையில் நெடுநேரம் நிற்காதீர்கள். நான் நலம். தையல் மேசையிலிருந்து என்னை உடை வடிவமைக்கும் அறைக்கு உயர்த்திவிட்டார்கள்.

நேற்று புனித கேத்தரின் நாள். இருபத்தைந்து வயதாகியும் மணமாகாதவளுக்குத் தையற்கூடமே சேர்ந்து தொப்பி செய்து சூட்டுமே, இந்த வருடம் என் முறை. அவளுடைய குடும்பத்தை நினைவில் வைத்துத்தான் தொப்பி செய்வார்கள். எனக்குப் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டுத் திராட்சைக் குலைகள்!

"உங்கப்பா திராட்சைத் தோட்டத்துக்கு எங்களை எப்பத்தான் கூப்பிடப் போறே?" என்றாள் பக்கத்து மேசை ஒதில். "தோட்டக்காரர் மகளே, ஒரு பாட்டில் ஒயினாவது கொண்டு வாடி!" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

பன்றிக்கறிக் கடைக்காரர் மகள் என்று சொல்ல, வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு வாய் வரவில்லை அப்பா.

நீங்கள் கேட்ட புகைப்படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தொப்பியைப் பார்க்காதீர்கள். முகத்தை மட்டும் பாருங்கள்.

உங்கள் மிளகு சாசேஜ் கொஞ்சம் அனுப்புங்கள். கொஞ்சம் இல்லை, தையற்கூடம் முழுக்கச் சாப்பிடும் அளவுக்கு. கடைத் தாளின் அச்சு மை கறியில் ஒட்டுகிறது, வெற்றுத் தாளில் சுற்றுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவேனே, மை ஒருநாளும் ஒட்டியதில்லை. இந்த முறை உங்கள் பெயர் போட்ட கடைத் தாளிலேயே சுற்றி அனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் பிரிக்கப் போகிறேன்.

மேலே கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்
சொலேன்