வாய் ஒரு வயர், கை ஒரு வயர்

கூடப் பிறக்காத அண்ணனாகிய நானா,

இன்று காலை ஹுன்னஸ்கிரிய இறக்கத்தில், மழைத் தூறலில் வேனை ஓரங்கட்டி வயர் அளக்கும் உங்கள் மீட்டரின் உறையைத் திறந்தேன். உள்ளிருந்து ஈயம் பற்றவைக்கும் அந்தப் பிசின் புகை வாசனை வந்தது. உங்கள் கட்டுகஸ்தோட்டை ரிப்பேர்க் கடையே வேனுக்குள் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை.

நீங்கள் கண்மூடி, உங்கள் மனைவியாக ராத்தா துக்கம் காத்த இத்தா முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் கொடுத்த மீட்டர் இது. "அவர்ட சாமான். கதை கேக்க வார ஒங்களுக்குத்தான் சேரணும்" என்றார். கதை கேட்க அல்ல, சொல்லத்தான் வந்தேன் என்று திருத்த வாயெடுத்தேன். ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் வெளியே அனுப்பியது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மலைப்பாதைகளில் என்னைப் போல வேன் ஓட்ட கண்டி மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் மறுத்ததில்லை. ஒத்துக்கொண்டதும் இல்லை. பற்றவைக்கும் கம்பியை ஊதிக்கொண்டே "ம்" என்பீர்கள்.

ஜப்பான் வேன்கள் வர ஆரம்பித்த காலம். ஒரு வேனின் வயர்க்கட்டைப் பிரித்துப் போட்டு, முறுக்கிய இரண்டு வயரைத் தூக்கிக் காட்டினீர்கள். என்ஜின், பிரேக், ஸ்டியரிங் என்று வண்டியிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்ப் பெட்டிகளும் பேசிக்கொள்வது இதில்தான் என்றீர்கள். ஒரு வயர் போதாதா, எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"கேளுங்க மச்சான். வெளிச் சத்தம் பட்டா ரெண்டு வயரும் ஒண்டாத் துள்ளும். சேதி வந்தா ஒண்டு ஏறும், மத்தது எறங்கும். பெட்டி வித்தியாசத்த மட்டுந்தான் பாக்கும். சத்தத்த வுட்டுரும்."

"அப்ப நம்ம ஊர்க் கூட்டத்துக்கு ரெண்டு வயர் போட்டா ஒருத்தன் பேச்சும் கேக்காதே நானா" என்றேன். சிரித்தீர்கள். கையை என் பக்கம் நீட்டினீர்கள்.

"ஒங்களுக்கும் ரெண்டு வயர்தான். வாய் ஒண்டு, கை ஒண்டு. வாய் ஏறுற நேரம் கையும் ஏறினா அது ஒங்கட வழக்கமான சத்தம். வாய் எறங்கி, கை மட்டும் ஆடினா நான் வேலைய வெச்சிட்டுக் கேப்பேன்."

கிண்டல் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள், நாலு சிறுத்தைகளை ஹோர்ன் அடித்தே துரத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். (ஒன்று என்பது உண்மை. பனிமூட்டத்தில் மற்ற மூன்றையும் யார் கண்டது?) கதைக்கு நடுவே, "கண்ணு வேற ரெண்டு நாளா கொஞ்சம் மங்கல்" என்று சும்மாதான் சொன்னேன். என் கையைப் பார்த்தபடியே கம்பியைக் கீழே வைத்தீர்கள். கடைக் கதவை இழுத்துப் பூட்டினீர்கள். "சிறுத்தைக் கதைய ஆட்டோல சொல்லுங்க" என்று கண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தம் கண்ணுக்கு ஏறியிருந்தது. இன்று இந்த மடலை என் கண்ணாலேயே பார்த்து எழுதுகிறேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். வேன் அக்கா மகனுடையது. மலையிலிருந்து குண்டசாலை கார்மென்ட்ஸுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குகிறேன். மழை தொடங்கியதிலிருந்து இறக்க வளைவுகளில் ஸ்டியரிங்குக்கு முன்னாலுள்ள மஞ்சள் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. ஸ்டியரிங் கல்லாகிறது. ஒரு நொடிதான், பிறகு எல்லாம் சரியாகிவிடும். கராஜில் ஸ்கேனரைப் போட்டு, பதிந்திருந்த கோளாறுகளை அழித்துவிட்டு, "நிக்கிற வண்டியில ஒண்ணும் காட்டலியே அங்கிள்" என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. நிற்கிற வண்டி ஒன்றும் காட்டாதுதான்.

நீங்கள் சொல்லித் தந்தபடி நேற்று பேட்டரியைக் கழற்றிவிட்டு முற்றத்தில் அளந்தேன். அந்த இரட்டை வயரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், போய்ச் சேரும் சேதியை அடக்கிக்கொள்வது அதுதான் என்பீர்கள். இரண்டும் இருந்தால் மீட்டர் அறுபது ஓம் காட்டும். ஒரு முனை விட்டுப்போனால் நூற்றிருபது. அப்போது சொன்னது முட்டித் திரும்பி வரும். புதுச் சேதி எது, திரும்பின சேதி எது என்று பெட்டிகளுக்குத் தெரியாது. நேற்று காட்டியது அறுபது. மருமகன் சிரித்தான்.

"மாமா, போன வாரம் திரும்பவும் சிறுத்தை. அதுக்கு முந்தி குளவிக் கூட்டத்த வைப்பர் போட்டு வெரட்டினீங்க. இப்ப ஸ்டியரிங்கா? நாளைக்கு வண்டி போகணும், ஆமா."

அவன் கேட்டு வளர்ந்த குரல் இதுதான். இதில் சத்தம் எது, சேதி எது என்று பிரித்துக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்.

இன்று காலையில் முன் சீட்டில் ஏறியது கார்மென்ட்ஸ் செல்வி. எப்போதும் போலக் கிண்டல்: "மாமா, இன்னைக்கு என்னா கதை? யானையா, அமைச்சரா?" நான் வாயைத் திறப்பதற்குள் விளக்குகள் எரிந்தன. பள்ளத்துப் பக்க வளைவு. ஸ்டியரிங் திரும்பவில்லை. உடம்பின் பலமெல்லாம் போட்டுத் திருப்பினேன். பின்னால் பெண்களின் சாப்பாட்டுப் பெட்டிகள் உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டி நின்றதும் செல்விதான் முதலில் இறங்கினாள். எல்லாரையும் இறக்கிச் மலைச் சுவர்ப் பக்கம் நிறுத்தினாள்.

அங்கேயே பேட்டரியைக் கழற்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் அளந்தேன். நூற்றிருபது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபது. வண்டி கொஞ்சம் அசைந்தால் மறுபடி நூற்றிருபது.

மருமகனுக்கு போன் எடுத்தேன். 'வண்டி பள்ளத்துல தொங்குதுடா, ஒரு கையால பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்' என்று நாக்கில் தயாராக நின்றது. அதைச் சொன்னால்தான் வருவான் என்றும் தோன்றியது. அப்போது என் வெறும் சத்தத்துக்கு நீங்கள் போடும் "ம்" ஞாபகம் வந்தது.

"இத இனி நான் ஓட்ட மாட்டேன்டா."

அவன் காத்திருந்தான். "வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"யாரையும் ஏத்தாதீங்க மாமா. வர்றேன்."

பெண்கள் பின்னால் வந்த பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். பிந்திப் போனதற்கு அங்கே ஏச்சு வாங்கியிருப்பார்கள். வேன் இப்போது கராஜில் நிற்கிறது. எந்த முனை விடுகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும் வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. நாளைக்கு வேறு யாராவது அதை ஓட்டினால்? மழை விட்டதும், ஒன்றும் காட்டாததால் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டால்?

நீங்கள் போனதிலிருந்து நான் சொல்வதெல்லாம் முட்டித் திரும்பி என் காதுக்கே வருகிறது, நானா. அடக்கிக்கொள்ள அந்த முனையில் ஆள் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மருமகன் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மீட்டரை நீட்டினேன், வாங்கவில்லை. வளைவைக் காட்டி விளக்கத் தொடங்கினேன், என் வாயைப் பார்க்கவில்லை. வேன் கதவைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அது ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கவில்லை.